கொம்பனிகள் இணைந்தபோது தொழிலாளர் பிரிந்த கதை

சென்ற மாதம் எமது காரியாலயத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ரொறன்ரோ விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைச் சுத்திகரிக்கும் வேலையை 14 ஆண்டுகளாகச் செய்துவந்த அன்பர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வெளியேறும் வேளையில் அவருக்கும் அவருடன் வேலை செய்த எம்மவர் சிலருக்கும் ஒரு கடிதம் கையளிக்கப்பட்டது. அவர்களுடைய கொம்பனியின் ஒப்பந்தம் மாத முடிவுடன் நிறைவுறுகின்றது, அதே வேலையை வேறொரு கொம்பனி பொறுப்பேற்கின்றது, விரும்பியோர் அங்கே புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

"மாஸ்ரர், விமானம் அதே விமானம். துடைக்கிற துணிகூட அதே துணி. நான் மட்டும் திங்கட்கிழமை புது ஆள்" என்றார் அவர். பின்னர் ஒரு கேள்வி கேட்டார். "எயர் கனடாவும் கனேடியனும் ஒன்றானபோது அங்கே வேலை செய்தவர்களுக்குச் சீனியோறிற்றி போகவில்லையே. எங்களுக்கு மட்டும் ஏன் போகிறது?"

நியாயமான கேள்வி. ஆயினும் அதன் முற்பகுதியில் ஒரு தவறு உண்டு. எயர் கனடாவும் கனேடியன் எயர்லைன்சும் இணைந்தபோது சேவை மூப்பு இலகுவாகத் தப்பிவிடவில்லை. அதனைப் பற்றிய பிணக்கு நடுவர்களிடமும் சபைகளிடமும் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. அந்தக் கதையை அறிந்தாற்றான் அன்பரின் கேள்விக்கு விடை கூற முடியும். ஆகையால் இவ்வாரம் அதனைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

சேவை மூப்பு என்பது யாது?

தொழிற்சங்கம் உள்ள வேலைத்தலங்களிலே பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். எவர் முன்னர் சேர்ந்தார், எவர் பின்னர் சேர்ந்தார் என்பதை அது சொல்லும். விமானத் தொழிலில் இப்பட்டியலின் ஆட்சி வேறெந்தத் தொழிலிலும் காணாத அளவுக்குப் பெரியது. ஒரு விமானி எந்த வகை விமானத்தை ஓட்டுவார், எந்த நகரத்தைத் தளமாகக் கொள்வார், எத்தனை ஆண்டுகள் துணை விமானியாகவே இருந்து எப்போது கப்டன் ஆசனத்தில் அமர்வார் என்பன யாவும் பட்டியலில் உள்ள அவருடைய இலக்கத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. விமானத்தினுள்ளே பணிபுரிவோர் தாம் விரும்பும் பயணங்களை மாதந்தோறும் எழுதிக் கொடுப்பர். மூத்தவர்கள் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே இளையவர்களுக்கு. நத்தார் நாளன்று பிள்ளைகளுடன் வீட்டில் இருப்பவர் யார், எங்கோ ஓர் அந்நிய நகரத்து விடுதியிலே தங்குபவர் யார் என்பதும் அந்த இலக்கம் செய்யும் வேலையே. ஆட்குறைப்பு வருமாயின் பட்டியலின் அடியிலிருந்து நிறுத்துவர். மீண்டும் அழைக்கும்போது, நிறுத்தப்பட்டவர்களுள் மூத்தவரிலிருந்து தொடங்குவர்.

இவ்வளவு பெறுமதியுள்ள இலக்கம் கொம்பனியின் வாசலைத் தாண்டுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கப்டனாக விளங்கிய ஒருவர் தம்முடைய கொம்பனி மூடப்பட்டதால் வேறொன்றில் சேர்வாராயின், அங்கே நேற்றுச் சேர்ந்த இளைஞனுக்குக் கீழே துணை விமானியாகவே தொடங்குவார். அவருடைய கைத்திறன் அவருடன் வரும். இலக்கம் வராது.

இதனை எமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் ஊரிலே ஆசிரியத் தொழில் புரிந்த காலத்தில் நியமனக் கடிதத்தின் திகதிக்கு இருந்த மதிப்பு சொல்லுந்தரமன்று. இருவர் ஒரே ஆண்டில் நியமனம் பெற்றிருந்தால் மாதத்தைப் பார்ப்பர், மாதமும் ஒன்றாயின் நாளைப் பார்ப்பர். அவ்வளவு சேவையும் நாம் இந்நாட்டில் வந்திறங்கிய அன்றே பூச்சியமாயிற்று. முதலாவது வேலையாக இரவு நேரத்தில் அலுவலகங்களைத் துடைக்கச் சென்றபோது எமக்கு மேலாளராக இருந்தவர் எம்மிடம் படித்திருக்கக்கூடிய வயதினர். அந்த நியமனக் கடிதம் இன்றும் எமது பெட்டியில் இருக்கின்றது. ஏன் வைத்திருக்கின்றோம் என்று கேட்டால் விடை தெரியாது.

இரண்டு பட்டியல்கள்

இரண்டு கொம்பனிகள் இணையும்போது விமானங்களுக்கு ஒரே நிறத்தைப் பூசுவது இலகு. இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவது இலகுவன்று. சேர்ந்த திகதியை மட்டும் பார்த்து இரு பகுதியினரையும் ஒரே வரிசையில் கோப்பது ஒரு முறை. மேலிருந்து விகிதாசாரப்படி, இங்கே இருவருக்கு அங்கே ஒருவர் என்றவாறு கலப்பது இன்னொரு முறை. வாங்கிய கொம்பனியின் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு வாங்கப்பட்டவர்களை அதன் அடியிலே ஒட்டிவிடுவது மூன்றாவது முறை. நெடுங்காலச் சேவையாளர் நிறைந்த பகுதி திகதியைக் கேட்கும். வளர்ந்துவரும் கொம்பனியின் இளையவர்கள் விகிதாசாரத்தைக் கேட்பர். எண்ணிக்கையில் மிகப் பலமுள்ள பகுதிக்கு மூன்றாவதில் ஆசை பிறக்கும்.

இவற்றுள் எதனைத் தெரிந்தாலும் முதலாளிக்குப் பெரிய நட்டமில்லை. அவருக்குத் தேவையான விமானிகளின் தொகை மாறப்போவதில்லை, அதிலே எவர் மேலே எவர் கீழே என்பதுதான் மாறும். ஆகவே அதுவரை முதலாளிக்கு எதிரே நின்ற தொழிலாளர் அன்றுமுதல் ஒருவருக்கொருவர் எதிரே நிற்பர்.

கனடாவில் நடந்தது

கனேடியன் எயர்லைன்ஸ் தானும் இணைப்பினாற் பிறந்த கொம்பனியே. 1987 இல் பசிபிக் வெஸ்ரேண் நிறுவனம் தன்னிலும் பெயர்பெற்ற கனேடியன் பசிபிக் விமான நிறுவனத்தை வாங்கியது. கல்கரி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய பெயர் சூடப்பட்டது. 1989 இல் வோட்எயர் நிறுவனமும் அதற்குள் அடங்கியது. தொண்ணூறுகளில் அந்நிறுவனம் நட்டத்திலிருந்து நட்டத்துக்குச் சென்றது. 1994 இல் ஊழியர்கள் தமது சம்பளத்தில் 20 கோடி டொலர் வரை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகப் பங்குகளைப் பெற்றனர். 1996 இல் நிறுவனம் இன்னும் 10 சதவீதக் குறைப்பைக் கேட்டது. கார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பஸ் ஹார்குரோவ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அரசாங்கம் தலையிட்ட பின்னரே அப்பிணக்கு தீர்ந்தது.

1999 ஓகஸ்ற்றில் போக்குவரத்து அமைச்சர் டேவிட் கொலனெற் போட்டி தொடர்பான சட்ட விதிகளை 90 நாட்களுக்கு ஒதுக்கிவைத்தார். ஒனெக்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் அமெரிக்கன் எயர்லைன்ஸின் துணையுடன் இரு கொம்பனிகளையும் வாங்க முன்வந்தது. எயர் கனடாவின் பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் ஒருவர் வைத்திருத்தல் ஆகாது என்ற சட்டத்தைக் காட்டி, நவம்பர் 5 ஆம் திகதி கியூபெக் நீதிமன்றம் அம்முயற்சியைத் தடுத்தது. அதன் பின்னர் எயர் கனடாவே கனேடியனை வாங்கியது. ஏறத்தாழ 16,000 பேர் கனேடியனில் வேலை செய்துகொண்டிருந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டாய ஆட்குறைப்புச் செய்யப்படமாட்டாது என்று வாக்குறுதியும் வழங்கப்பட்டது.

விமானிகளின் கதையை மட்டும் இங்கே தொடர்வோம். அதற்கு 1995 க்குச் சற்றுப் பின்னே செல்லுதல் வேண்டும். அப்போது கனடாவின் விமானிகள் பெரும்பாலும் ஒரே சங்கத்தில் இருந்தனர். எயர் கனடாவின் விமானிகளையும் அதன் சிறிய பிராந்தியக் கொம்பனிகளின் விமானிகளையும் ஒரே மூப்புப் பட்டியலில் சேர்க்கும்படி மிஷெல் பிஷே என்னும் நடுவர் அவ்வாண்டில் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களின் விமானிகள் அதனை ஏற்கவில்லை. தாய்ச் சங்கத்தை விட்டு வெளியேறித் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். நடுவர் தீர்ப்புப் பிடிக்காவிட்டால் சங்கத்தையே மாற்றிவிடுவது என்னும் வழியை இவ்வாறு கண்டுகொண்டனர். கனேடியனின் விமானிகளோ பழைய சங்கத்திலேயே இருந்தனர். அது பின்னர் அமெரிக்க விமானிகளின் பெருஞ் சங்கத்துடன் இணைந்தது.

ஆகவே 2000 இல் இரு கொம்பனிகளும் ஒன்றானபோது இரண்டு சங்கங்கள், இரண்டு பட்டியல்கள். கனேடியன் விமானிகள் நீண்ட சேவைக்காலத்தை முன்வைத்தனர். மற்றப் பகுதியினரோ, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து தூக்கிவிடப்பட்டவர் தூக்கியவரின் ஆசனத்தைக் கேட்பது எவ்வாறு என்ற நிலையில் நின்றனர். 2001 மார்ச்சில் நடுவர் மோட்டன் மிச்னிக் ஒரு பட்டியலை வகுத்தார். கனேடியன் விமானிகள் அதனால் மிகவும் கீழே தள்ளப்பட்டதாக முறையிட்டனர். 2002 யூலையில் கனடா கைத்தொழில் உறவுகள் சபை அத்தீர்ப்பில் பிழை கண்டு, மீண்டும் செய்யப் பணித்தது. 2003 யூனில் பிறயன் கெல்லர் என்னும் நடுவர் கனேடியன் விமானிகளைச் சற்று உயர்த்திப் புதிய பட்டியலை வெளியிட்டார். இம்முறை எயர் கனடாவின் பழைய விமானிகள் கொதித்தெழுந்தனர்.

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டிருந்தது. 2001 செப்ரெம்பர் 11 இன் பின்னர் எயர் கனடா மேலும் 5,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. 2003 ஏப்பிரல் 1 ஆம் திகதி கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதிலிருந்து வெளிவர 2004 செப்ரெம்பர் முடிவாயிற்று. பட்டியலில் சில நூறு இடங்கள் மேலே நிற்பதற்கும் கீழே நிற்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, வேலை இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் இடையே உள்ள வேறுபாடாக மாறியது.

2005 யூனில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. புதிய போயிங் விமானங்களை வாங்குவதற்குத் தேவையான உடன்படிக்கையை விமானிகள் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். புதிய விமானம் என்றால் புதிய வேலை, உயர்ந்த சம்பளம். அதை விமானிகளே வேண்டாமென்றது ஏனென்று பலரும் வியந்தனர். ஆறாத மூப்புப் பூசலே அதன் பின்னணியில் இருந்ததென அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. கொம்பனி கட்டளையை இரத்துச் செய்து, அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் கொடுத்தது. 1995 இல் பிரிந்து சென்ற அந்தத் தனிச் சங்கமோ, 2023 இல் உறுப்பினரின் வாக்கெடுப்பின் பின் அமெரிக்கப் பெருஞ் சங்கத்துடன் இணைந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்!

இரு பகுதியிலும் நியாயம் உண்டு என்று எழுதிவிட்டுத் தப்பிக்கொள்வது பத்திரிகைக்காரருக்கு இலகு. எமது மனம் சேவைத் திகதியின் பக்கமே சாய்கின்றது என்பதை மறைக்கப் போவதில்லை. பெரிய விமானத்தின் கப்டன் ஆசனம் எவருக்கு என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் ஆட்குறைப்பின்போது இருபது ஆண்டுச் சேவையாளரை மூன்று ஆண்டுச் சேவையாளருக்கு முன்னே வெளியேற்றுவதற்கு, அவருடைய கொம்பனி நட்டமடைந்தது என்பதைக் காரணமாகக் காட்டுவது எமக்கு ஒப்பவில்லை. கொம்பனியை நட்டமடையச் செய்தவர் அவரல்லர்.

அடியிலே ஒட்டப்பட்டவர்கள்

மூன்றாவது முறை எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சென் லூயிஸ் நகரைப் பெருந்தளமாகக் கொண்டிருந்த ரி.டபிள்யூ.ஏ. என்னும் பழம்பெரும் விமான நிறுவனம் 2001 தொடக்கத்தில் வங்குரோத்தாகியது. அமெரிக்கன் எயர்லைன்ஸ் அதனை வாங்க முன்வந்தது. ரி.டபிள்யூ.ஏ. ஊழியர்களின் உடன்படிக்கையிலே, இணைப்பு நேர்ந்தால் பட்டியல்கள் நியாயமாகச் சேர்க்கப்படல் வேண்டும் என்ற பாதுகாப்பு இருந்தது. அதனைக் கைவிட்டாலன்றி விற்பனை நடவாது என்றனர். ஊழியர்கள் கைவிட்டனர். அதற்குப் பதிலாக, தனது சங்கங்களுடன் பேசி நியாயம் கிடைக்கத் தக்க முயற்சி செய்வதாக வாங்கிய நிறுவனம் வாக்களித்தது.

முயற்சி செய்வதாக வாக்களித்தல் வேறு, செய்து முடிப்பதாக வாக்களித்தல் வேறு. மாணவரின் கட்டுரையில் இப்படி ஒரு வசனத்தைக் கண்டிருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருப்போம். விமானப் பணியாளர் யாவரும் அமெரிக்கனின் பட்டியலில் கடைசியில் ஒட்டப்பட்டனர். முப்பது ஆண்டு பணிபுரிந்த பெண்கள், முந்தின மாதம் சேர்ந்தவருக்குக் கீழே. ஆட்குறைப்பு அடியிலிருந்து மேலேறிச் சென்றது. 2003 யூலை அளவில் ரி.டபிள்யூ.ஏ. இலிருந்து வந்த ஏறத்தாழ 4,000 விமானப் பணியாளரும் வேலையிழந்து நின்றனர். அவர்களை அடியில் வைத்தது முதலாளியல்ல, இன்னொரு தொழிற்சங்கம் என்பதை எழுதும்போது எமது பேனா தயங்குகின்றது.

1978 இல் அமெரிக்கா விமானத் தொழிலின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்துமுன், இணைப்புக்கு அனுமதி வழங்கும் அரச சபையே தொழிலாளர் பாதுகாப்பையும் நிபந்தனையாக விதித்து வந்தது. 1972 இல் அலகெனி, மொஹோக் என்னும் இரு கொம்பனிகள் இணைந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகள் பின்னர் வந்தவற்றுக்கு முன்மாதிரியாயின. 1984 முடிவில் அச்சபை கலைக்கப்பட்டதுடன் அந்தக் காவலும் நீங்கியது. ரி.டபிள்யூ.ஏ. ஊழியருக்கு நேர்ந்ததைக் கண்ட மிசூரி மாநிலத்தின் செனற்றர்கள் இருவர், கிளயர் மக்காஸ்கில் ஜனநாயகக் கட்சி, கிற் பொன்ட் குடியரசுக் கட்சி, ஒன்றுசேர்ந்து 2007 டிசெம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தனர். பட்டியல்கள் நியாயமாகவும் ஒப்புரவாகவும் இணைக்கப்படல் வேண்டும், உடன்பாடு எட்டாவிடின் நடுவரிடம் செல்லல் வேண்டும் என்று 1972 இன் நிபந்தனைகளையே அது மீண்டும் உயிர்ப்பித்தது. வேலையிழந்த அந்த நாலாயிரம் பேருக்கு அது காலங்கடந்த மருந்து.

நடுவர் தீர்ப்பும் எல்லாவற்றையும் முடித்துவிடுவதில்லை. 2005 இல் யு.எஸ். எயர்வேய்ஸும் அமெரிக்கா வெஸ்ற்றும் இணைந்தன. இரு பகுதி விமானிகளும் ஒரே சங்கத்தினர். 2007 இல் ஜோர்ஜ் நிக்கொலாவ் என்னும் முதிய நடுவர் வகுத்த பட்டியலில், பதினேழு ஆண்டுச் சேவையுள்ள யு.எஸ். எயர்வேய்ஸ் விமானி ஒருவர் மற்றக் கொம்பனியின் புதுவரவுக்கு அண்மையில் வைக்கப்பட்டார். அவர் அப்போது ஆட்குறைப்பில் வீட்டிலிருந்தார் என்பதே நடுவர் கண்ட காரணம். எண்ணிக்கையில் மிகுந்த யு.எஸ். எயர்வேய்ஸ் விமானிகள் 2008 இல் வாக்கெடுப்பு நடத்தி, அந்தச் சங்கத்தையே வெளியேற்றிப் புதியதொன்றை அமைத்தனர். கனடாவில் 1995 இல் நடந்ததன் மறுபதிப்பு. வழக்குகள் நீண்டன. இரு பகுதி விமானிகளும் ஆண்டுகள் பல இரண்டு உடன்படிக்கைகளின் கீழ், இரண்டு சம்பளத்தில், ஒரே பெயர் பொறித்த விமானங்களை ஓட்டினர். அந்த இழுபறியால் இலாபமடைந்தவர் யாரென்று கூற வேண்டியதில்லை.

இந்தியாவிலும் 2007 இல் எயர் இந்தியாவும் இந்தியன் எயர்லைன்சும் இணைக்கப்பட்டன. 2012 இல் புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியில் மற்றப் பகுதியினருக்கும் பங்கா என்று எயர் இந்தியாவின் பழைய விமானிகள் தொடங்கிய வேலைநிறுத்தம் 58 நாட்கள் நீடித்தது.

அன்பரின் கேள்விக்கு விடை

இனி, தொலைபேசியில் வந்த கேள்விக்கு வருவோம். எயர் கனடா கனேடியனை வாங்கியது. கனடா தொழிற் சட்டக்கோவையின் 44 ஆம் பிரிவின்படி, ஒரு தொழில் விற்கப்பட்டால் அதிலுள்ள சங்கமும் கூட்டு உடன்படிக்கையும் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அதனாற்றான் அங்கே பிணக்குப்படுவதற்காவது ஒரு பட்டியல் இருந்தது, நடுவர் இருந்தார், சபை இருந்தது.

எமது அன்பரின் கொம்பனியை எவரும் வாங்கவில்லை. அது ஒப்பந்தத்தை இழந்தது, இன்னொன்று அதனைப் பெற்றது. சட்டத்தின் கண்ணில் இது பொதுவாக விற்பனை ஆகாது. ஆகவே பழைய சங்கமும் பழைய உடன்படிக்கையும் புதிய கொம்பனிக்குத் தாமாகச் செல்வதில்லை. துடைப்பவர் அவரே, துடைக்கப்படும் விமானமும் அதுவே என்பது கணக்கில் வராது. ரொறன்ரோவில் மட்டுமன்றி மற்றும் பல விமான நிலையங்களிலும் இவ்வாறு ஒப்பந்தம் கைமாறுவதும், ஒவ்வொரு முறையும் தொழிலாளர் அடியிலிருந்து தொடங்குவதும் வழக்கமாகிவிட்டது.

முற்றாகக் கைவிடப்பட்டுவிட்டார் என்றும் எண்ண வேண்டாம். 2019 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, ஒப்பந்தம் மறுகேள்விக்கு விடப்பட்டுப் புதிய கொம்பனி அதே தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ளுமாயின், வருடாந்த விடுமுறை போன்ற சட்டபூர்வ உரிமைகளுக்காக அவருடைய சேவை தொடர்ந்ததாகக் கொள்ளப்படும். 14 ஆண்டுச் சேவையாளர் மீண்டும் இரண்டு வார விடுமுறையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஷிவ்ற், எவருக்கு முதலில் லே ஓவ் என்பன சட்டத்தில் இல்லை. அவை கூட்டு உடன்படிக்கையிலேயே எழுதப்படுவன.

அன்பரிடம் நாம் கூறியவை சில. முதலாவது நியமனக் கடிதம், பழைய சம்பளத் துண்டுகள், சங்க அட்டை, பழைய மூப்புப் பட்டியலின் பிரதி ஆகியவற்றை எறிந்துவிடக் கூடாது. புதிய கொம்பனியில் சங்கம் அமைக்கக் கையொப்பம் சேர்ப்பார்களாயின், அந்த விமான நிலையத்தில் சேவை தொடங்கிய திகதியையே மூப்புத் திகதியாக ஏற்கும்படி முதலாவது உடன்படிக்கையில் கேட்க வேண்டும். இணக்கத்தினால் அதனைப் பெற முடியும். அதைக் கேட்பதற்கு முன்னர், புதிய கொம்பனியில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுள்ளும் எம்மவர் இருக்கின்றனர். மூன்று ஆண்டு சேவையுள்ள அவர்களுக்கு, 14 ஆண்டுக்காரர் பலர் ஒரே நாளில் மேலே வந்து அமர்வது இனிக்காது.

"அவர்களுக்கு என்ன சொல்வது மாஸ்ரர்?" என்று கேட்டார். அடுத்த முறை ஒப்பந்தம் கைமாறும்போது இதே கடிதம் அவர்களுடைய கைக்கும் வரும் என்பதைச் சொல்லும்படி கூறினோம்.

சென்ற ஞாயிறு மீண்டும் தொடர்புகொண்டார். இப்போது அவருக்கு இரவு ஷிவ்ற். அட்டைகளில் கையொப்பம் சேர்க்கத் தொடங்கியிருக்கின்றனர். பட்டியலைப் பற்றிப் பேசுவதற்கு இரு பகுதியிலுமிருந்து ஆறு பேர் ஒரு கோப்பிக் கடையில் கூடினராம். முதல் நாள் இணக்கம் ஏற்படவில்லை. இவ்வார இறுதியில் மீண்டும் கூடுகின்றனர்.